ரங்கையா ஒப்படைக்கப்பட்ட விவரம்

நகரி ரயிலடிக்கு எதிரில் பழைய பாத்திரக் கடை வைத்திருந்த ரங்கையா, ஒரு பித்தளை அண்டாவுக்கு ஈடாக, பாலசமுத்திரம் பிரேமலதாவிடம் விதிப்படி ஒப்படைக்கப்பட்டார். ஒப்படைத்தவர் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் கங்கையா. பட்டப்பகல், வெள்ளிக்கிழமை, கடைத்தெரு முழுக்க ஜனம். ரங்கையாவை ஆட்டோவில் ஏற்றியபோது பக்கத்து டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி வழியில் நின்றது. கீழே விழவுமில்லை, கிளாஸுக்குத் திரும்பவுமில்லை. அவருடைய மனைவி சந்திரம்மா திறந்த வாயை மூடாமல் ஆட்டோ போன திசையையே பார்த்தாள். அன்று மாலை வரை அந்த வாய் மூடவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கலர் டிவி வந்த காலம் அது. நகரி, புத்தூர், பாலசமுத்திரம் பக்கத்து ஜனம் பெங்களூர் தையல் கம்பெனிகளுக்கும், அம்பத்தூர் பட்டறைகளுக்கும், குவைத் வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் அனுப்பிய பணம் டிவியாகவும் மிக்ஸியாகவும் வந்து இறங்கியது. புதுசுக்கு இடம் வேண்டும். ஆகவே பழையது வெளியேறியது. பிளாஸ்டிக் டிரம் வந்த வீட்டில் பித்தளை அண்டாவுக்கு வேலையில்லை. குடங்களும் தவலைகளும் கொப்பரைகளும் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் ஏறி ரங்கையாவின் கடைக்கு வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெண்ணின் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. சீராகக் கொடுக்கும் எந்தப் பாத்திரத்தையும் பேர் வெட்டாமல் கொடுப்பதில்லை என்பது இந்தப் பக்கத்து வழக்கம். எல்லையோரத்தில் தமிழில், கொஞ்சம் மேற்கே போனால் தெலுங்கில், அவ்வளவுதான் வித்தியாசம். பழைய சாமான் வியாபாரிகளின் வேலை அந்தப் பேரைப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து அழித்துவிட்டு, வாங்குகிறவர் சொல்லும் பேரை வெட்டித் தருவது.

ஆனால் உடனே அழிக்கக் கூடாது. லைசென்ஸ் கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுப்பார்கள். வாங்கிய சாமானை வந்த கோலத்திலேயே அரை மாதம் கடை வாசலில் வைக்க வேண்டும். அதில் உள்ள பேரையோ அடையாளத்தையோ தொடக் கூடாது. அந்த அரை மாதத்துக்குள் சொந்தக்காரர் வந்து தன் பேரைச் சொன்னால், எந்தப் பொருளின் மேல் அந்தப் பேர் இருக்கிறதோ அந்தப் பொருளை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். திருட்டுச் சாமான் கை மாறாமலிருக்க எந்தக் காலத்திலோ யாரோ எழுதி வைத்த விதி. ரங்கையா அதை மீறியவரில்லை. அவர் கடை வாசலில் பாத்திரங்கள் வெயிலிலும் மழையிலும் காத்துக் கிடந்ததை ரயிலேறப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

அவர் அவசரப்பட்டது ஒரே ஒரு முறை. பாலசமுத்திரம் எத்திராஜ் ஒரு அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினான். ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அப்படிப்பட்ட அண்டா. கழுத்தில் ‘பிரேமலதா’ என்று வெட்டியிருந்தது. பொண்டாட்டி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள், அவளைக் கேட்டுத்தான் விற்கிறேன் என்று எத்திராஜ் சொன்னான். உண்மையில் எக்ஸ்சேஞ்ச் மேளாவில் ஒரு இருபத்தோரு இஞ்ச் டிவி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அண்டா இறங்கிய கையோடு, மகள் ஸ்வர்ணலதாவின் கல்யாணத்துக்குச் சீர் வாங்க ஒருவர் வந்தார். மறுநாள் விடிந்தால் திருப்பதியில் முகூர்த்தம். அந்த அண்டாதான் வேண்டும் என்று நின்றார். கல்யாணக் காரியம், நல்ல மனுஷன், கை பிடித்துக் கேட்கிறார். ரங்கையா பாலிஷ் சக்கரத்தை ஓட்டினார். பிரேமலதா போனாள், ஸ்வர்ணலதா வந்தாள்.

பிரேமலதா அந்த வருஷமே குவைத்திலிருந்து திரும்பினாள். சமையலறை மூலையில் அண்டா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எத்திராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அண்டா போன கடையை அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு, நேராக லைசென்ஸ் ஆபீஸுக்குப் போய்க் கங்கையாவைக் கூட்டிக்கொண்டு ரயிலடிக்கு வந்தாள். ரங்கையா பொய் சொல்லத் தெரியாதவர். நடந்ததை ஒப்புக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார். கங்கையா முறைப்படி, சொந்தக்காரர் தன் பேரைச் சொல்லலாம் என்றார்.

"என் பேரு பிரேமலதா" என்றாள் அவள்.

அவ்வளவுதான். ரங்கையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சிவப்பெறும்பு கடிப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிச் சட்டைப் பட்டன்களை அவிழ்த்தார். இடது மார்பில் ஒவ்வொரு புள்ளியாக எழுத்து விழுந்துகொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாத யாரோ பேர் வெட்டும் மிஷினைப் பிடித்து வெட்டுவதுபோல. ரத்தம் வரவில்லை. புள்ளிகளுக்குள் பித்தளை மின்னியது. கடைசி எழுத்தின் கால் விழுந்து முடிந்ததும் பேர் முழுசாக நின்றது: பிரேமலதா. கடைக்குள் இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். வெளியே இருந்தவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள்.

கங்கையா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். அரை மாதம் முடிவதற்குள் பேர் அழிக்கப்பட்டதால் அந்த அரை மாதம் இன்னும் முடியவே இல்லை என்று முதலில் தீர்மானித்தார். பிறகு, பேர் எந்தப் பொருளின் மேல் இருக்கிறதோ அந்தப் பொருளை ஒப்படைக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, அண்டாவை என்று சொல்லவில்லை என்றார். சந்திரம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டு, "ரூல் அண்டே ரூல்தானம்மா. நானு இன்னா பண்றது?" என்றார். ரங்கையாவின் லைசென்ஸும் அன்றே ரத்தானது.

பாலசமுத்திரத்தில் பிரேமலதா, ரங்கையாவை அண்டா இருந்த வெள்ளைத் தடத்தின் மேல் உட்கார வைத்தாள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் அவள் குழாயடியிலிருந்து கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை அந்த மூலையில் சாய்த்தாள். தண்ணீர் அவருடைய கையில் விழுந்து, சிந்தாமல் நின்றது. இன்னொரு குடம் ஊற்றினாள். அதுவும் நின்றது. பழைய அண்டா எத்தனை குடம் கொள்ளுமோ அத்தனையும் அந்த இரண்டு உள்ளங்கைகள் கொண்டன. அன்று முதல் வீட்டில் தண்ணீர் வேண்டியவர்கள் ரங்கையாவின் கையில் சொம்பை விட்டு மொண்டுகொண்டார்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது என்று எத்திராஜ் டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னான்.

சந்திரம்மா தினமும் முதல் பஸ்ஸில் தூக்குச் சட்டியோடு பாலசமுத்திரம் போய், புருஷனுக்கு ஊட்டிவிட்டு வந்தாள். அவர் அங்கே போன முதல் வாரத்திலேயே அவருடைய கால் விரல்கள் மஞ்சளாக மின்னுவதைப் பார்த்தாள். காமாலை என்று நினைத்துத் தொட்டாள். டங் என்றது. கணுக்கால் வரை பித்தளை ஏறியிருந்தது. மறுநாள் அது இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தது. அண்டா இருந்த இடத்தில் அண்டாவைப்போல் இருப்பவர் அண்டாவாக ஆகிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே இது எல்லாருக்கும் புரிந்தது. தலை வரைக்கும் ஏறிவிட்டால் அப்புறம் ரங்கையா என்று ஒருவர் இல்லை.

சந்திரம்மா, பிரேமலதாவிடம் மன்றாடினாள். வேற அண்டா தரேன், புதுசா, இதைவிடப் பெருசா தரேன், என் மாமனை வுட்டுடும்மா என்று கேட்டாள். பிரேமலதா அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள்.

"உன் புருசனை நானா கேட்டேன்? சர்க்கார் குடுத்தது. யக்கா, நான் குவைத்துல எவ வூட்டுப் பாத்திரத்தையோ தேச்சிகினு கெடந்தேன். அங்க எனக்குப் பேரே கெடையாது. ஏய்னு கூப்டுவாங்க, போவேன். நம்ப வூட்ல ஒரு மூலையில என் பேரு போட்ட சாமான் ஒண்ணு கீதுன்னு நெனச்சிக்குவேன். அதைக் கேக்காம வித்தாங்க. கேக்காம சொரண்டினாங்க. எனக்குப் பெருசும் வேணாம், புதுசும் வேணாம். என் அண்டாவைக் கொண்டா, உன் ஆளைக் கூட்டிகினு போ."

சந்திரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அந்த நியாயத்தில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் பஸ் ஏறினாள்; வீட்டுக்குப் போகவில்லை, திருப்பதிக்குப் போனாள்.

ஸ்வர்ணலதா, லாட்ஜ் ஒன்றில் வேலை செய்யும் புருஷனோடும் மாமியாரோடும் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தாள். அண்டா வாசலிலேயே கவிழ்த்துக் கிடந்தது. சந்திரம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. பிறகு மெல்ல மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த அண்டாவில் தண்ணீர் நிற்கவில்லை. ஓட்டை இல்லை, ஒழுக்கு இல்லை, தரையில் ஈரமும் இல்லை. நிரப்பிவிட்டுத் திரும்பினால் காலியாக இருக்கும். மருமகள் கை ராசியில்லாத கை என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஸ்வர்ணலதா மாமியார் இருந்த பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னாள்: "கேட்டுகினியா அத்தே? என் கை இல்லியாம்." அண்டாவை எடுத்துக்கொண்டு போகச் சம்மதித்தாள். பதிலுக்கு, யாருடைய பேரும் எப்போதும் வெட்டப்படாத ஒரு பாத்திரம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

இங்கேதான் விதி குறுக்கே வந்தது. பழைய சாமானை வாங்கவும், பேரை அழித்து வெட்டவும் லைசென்ஸ் வேண்டும். ரங்கையாவின் லைசென்ஸ் போய்விட்டது. சந்திரம்மா தன் பேரில் கேட்டுப் போனாள். அந்த ஆபீஸில் அதுவரை எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. கங்கையா விதிகளைப் புரட்டிப் பார்த்தார். ஆம்பளைக்குத்தான் என்று எங்கேயும் இல்லை. புருஷன் சம்மதம் வேண்டுமே என்றார். பாலசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கலாம் என்று சந்திரம்மா சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தார். ரங்கையா இப்போது ஒப்படைக்கப்பட்ட பொருள். பொருள் சம்மதம் தர முடியாது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பொருளின் சொந்தக்காரி பிரேமலதா சம்மதித்தால் போதும். பிரேமலதா சம்மதித்தாள். அப்படியாக, தன் புருஷனின் இன்னொரு சொந்தக்காரி அனுமதியோடு சந்திரம்மா லைசென்ஸ் வாங்கினாள். இதைக் கேட்டு நகரியில் பல பேருக்குச் சோறு இறங்கவில்லை.

பேர் வெட்டாத ஒரு புதுத் தவலை திருப்பதிக்குப் போனது; அண்டா திரும்பவும் ரயிலடிக்கு வந்து கடை வாசலில் உட்கார்ந்தது. அரை மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதற்குள் ரங்கையாவுக்குப் பித்தளை முழங்காலைத் தாண்டியிருந்தது. சந்திரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கெடு முடியும்போது கழுத்துக்கு வந்துவிடும், கொஞ்சம் வேகமானால் வாய்க்கு வந்துவிடும். ஸ்வர்ணலதாவே திருப்பதியிலிருந்து வந்து, நான்தான் சொந்தக்காரி, எனக்கு ஆட்சேபணை இல்லை, இன்றைக்கே என் பேரை அழித்துக்கொள்ளட்டும் என்று கங்கையாவிடம் சொன்னாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும், "வந்த சொந்தக்காரருக்காக ரூல் இல்லம்மா. வராத சொந்தக்காரருக்காக" என்றார்.

இடுப்புக்கு ஏறிய அன்று சந்திரம்மாவால் பொறுக்க முடியவில்லை. மத்தியானம், கடைத்தெரு சாப்பாட்டுக்குப் போயிருந்த வேளை. அண்டாவை உள்ளே உருட்டிப் போய்ப் பாலிஷ் சக்கரத்தை ஓட்டிவிட்டாள். சக்கரம் ‘ஸ்வர்ணலதா’வின் முதல் புள்ளியைத் தொட்டது. புள்ளி போனது. அதே நொடி அவளுடைய மணிக்கட்டில் சுருக்கென்றது. பார்த்தாள். எள் அளவு ஒரு புள்ளி, உள்ளே பித்தளை. அவள் சக்கரத்தை நிறுத்தினாள். பிறகு அண்டாவை வாசலுக்கு உருட்டினாள்.

மறுநாள் ரங்கையா அவளிடம் கெஞ்சினார். வயிறு வரைக்கும் வந்துவிட்டது, துன்ற சோறு எங்கே போகிறதென்றே தெரியவில்லை, சக்கரத்தை ஓட்டிடு என்றார். சந்திரம்மா கையைக் காட்டினாள்.

"ஓட்டினா அந்தப் பொண்ணு பேரு என் மேல ஏறிடும், மாமா. அப்பறம் நான் திருப்பதியில தண்ணி புடிச்சிகினு இருப்பேன், நீ இங்க புடிச்சிகினு இருப்பே. கடையை எவன் பாக்கறது?"

"அப்ப நான் இப்டியே போவ வேண்டியதுதானா?"

"நீ அன்னிக்குக் காத்துகினு இருந்திருந்தா நான் இன்னிக்குக் காத்துகினு இருக்க மாட்டேன். வாயைத் தொற, ரசம் ஆறுது."

அவர் வாயைத் திறந்தார். மார்பு, தோள், கை என்று பித்தளை ஏறிக்கொண்டே போனது. குரல் கொப்பரைக்குள்ளிருந்து வருவதுபோல் கணகணத்தது. தண்ணீர் மொள்ள வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், உள்ளே வரப் பயந்து சொம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். பிரேமலதா யாருக்கும் தெரியாமல் அவருக்கு முதுகில் விசிறிவிட்டாள். அவருக்கு அது தெரியவில்லை.

கெடு முடிந்த காலையில் பித்தளை தொண்டைக்குழியில் நின்றது. கங்கையா வந்து, அண்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். சந்திரம்மா சக்கரத்தை ஓட்டினாள். ஸ்வர்ணலதாவின் பேர் பொடியாகித் தரையில் உதிர்ந்தது. யார் மேலும் ஏறவில்லை, வெறும் பொடி. மணிக்கட்டுப் புள்ளியும் அத்தோடு உதிர்ந்தது. வெட்டு மிஷினை எடுத்துக் கழுத்தைச் சுற்றி ‘பிரேமலதா’ என்று வெட்டினாள். அவளுக்கு அது புது வேலை. எழுத்து கோணலாக விழுந்தது. அண்டாவை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு பாலசமுத்திரம் போனாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

பிரேமலதா கோணல் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். குடம் குடமாக ஊற்றினாள். தண்ணீர் நின்றது. தன் முகம் அதில் ஆடி நிலைக்கிற வரை பார்த்திருந்துவிட்டு, "போய்ட்டு வாண்ணா" என்றாள். ரங்கையாவின் மார்பிலிருந்து பேர் மறைந்தது. பித்தளை அதற்கு மேல் ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

அவரைத் தூக்க நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். எத்திராஜ் டிவியை விட்டு எழுந்து வந்து ஒரு கை கொடுத்தான். நகரியில் கடை வாசலில் கங்கையா காத்திருந்தார். லைசென்ஸ் உள்ள கடைக்குள் வரும் பழைய பித்தளை எதுவானாலும் வந்த கோலத்தில் அரை மாதம் வாசலில் இருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சந்திரம்மா ஒரு முறை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புருஷனை வாசலிலேயே இறக்கி வைத்து, வெயில் படாமல் ஒரு குடையை விரித்து வைத்தாள்.

அந்த அரை மாதத்தில் நடந்ததுதான் நகரியை உண்மையில் உலுக்கியது. பெண்கள் வந்தார்கள். சத்தியவேடு, புத்தூர், கார்வேட்டிநகரம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். புருஷன் பெங்களூர் போய்த் தகவல் இல்லாதவர்கள், குவைத் போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டவர்கள். ரங்கையாவின் முன்னால் நின்று, "என் பேரு இன்னது" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அவர் மார்பையே பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட விழவில்லை. ஒவ்வொரு பேரும் சொல்லப்பட்டபோது சந்திரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ரங்கையா ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

கெடு முடிந்தது. யாரும் உரிமை கோரவில்லை. இனி பேர் வெட்டலாம், யார் பேரில் வேண்டுமானாலும், என்றார் கங்கையா. தெருவே கூடியிருந்தது, சந்திரம்மா தன் பேரை வெட்டிக்கொள்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் மிஷினை எடுத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து நிதானமாக வெட்டினாள். பழகிவிட்டதால் இந்த முறை எழுத்து நேராக விழுந்தது. துடைத்துவிட்டு நகர்ந்தாள். ‘ரங்கையா’ என்று இருந்தது.

"உன் பேரைப் போட்டிருக்கலாமே?" என்றார் அவர்.

"நாளிக்கு நான் இல்லன்னா, உன்னைக் கேட்டுகினு எவ வருவா? உன்னை நீயே கேட்டுக்கோ" என்றாள் அவள்.

கங்கையா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முறைப்படி, சொந்தக்காரர் தன் பேரைச் சொல்லலாம் என்றார். ரங்கையா சொன்னார். ரங்கையா ரங்கையாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

சில வருஷங்களில் கங்கையா ரிட்டயர் ஆனார். பித்தளை விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ரங்கையா கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். மழைக்காலத்தில் முதுகில் லேசாகப் பச்சை பூக்கும். சந்திரம்மா புளி போட்டுத் தேய்ப்பாள். கழுத்துக்குக் கிட்டே வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தேய்க்கச் சொல்வார்.